ஊருக்கு ஒதுக்கும் பணம்: பயிற்சிக்கா, குளிரறைக்கா, கூட்டுறவுக்கா?

கொழும்பில் இயங்கும் ஊர் நலன்புரிச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கக் கிளைகளும் ஊருக்குச் செய்யும் உதவி நெடுங்காலமாகப் பள்ளிக்கூடத்தோடும் கோயிலோடும் நின்றது. 2021இல் வந்த இரசாயன உர இறக்குமதித் தடையும் அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் சிறு விவசாயிகளை அடித்த அடியைப் பார்த்த பிறகு பேச்சு மாறியிருக்கிறது. "தோட்டம் செய்யிற சனத்துக்கும் வேலையில்லாமல் நிக்கிற பெடியளுக்கும் ஏதாவது செய்யவேணும்" என்ற குரல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கூடும் கூட்டங்களில் கேட்கிறது. பணம் சேர்வதும் கடினமாக இல்லை. எதில் போடுவது என்பதில்தான் கூட்டம் இழுபடுகிறது.

பொதுவாக நான்கு யோசனைகள் வரும். இளைஞர்களுக்குப் பயிற்சிநெறிப் புலமைப்பரிசில், உழவு இயந்திரம், குளிரறையோடு ஒரு கட்டடம், புதிதாக ஒரு கூட்டுறவுச் சங்கம். எமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊரிலேயே இருக்கும் ஓர் இளைஞருக்கோ யுவதிக்கோ மூன்று ஆண்டுக்கு முகாமையாளர் சம்பளம், கொண்டுவரும் மரக்கறிக்கு அன்றன்றே காசு கொடுக்க ஒரு சுழற்சி நிதி, இந்த இரண்டுக்கும்தான் பணம் முதலில் போகவேண்டும். பதிவும் கட்டடமும் அதற்குப் பிறகு.

கீழே வரும் கணக்குகள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மரக்கறித் தோட்டங்களை மனதில் வைத்துப் போட்டவை. ஒவ்வொருவரிடமும் 4 முதல் 8 பரப்பு, அதாவது கால் ஏக்கர் முதல் அரை ஏக்கர் வரை தோட்டக்காணி உள்ள 75 பேர். கையில் 35 இலட்சம் ரூபா. விலைகளும் சம்பளங்களும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் எண்களைப் போட்டு மீண்டும் கணக்கிடுங்கள்.

பயிற்சி: எது யாருக்கு உதவும்?

ஒருநாள் கருத்தரங்கை உடனே ஒதுக்கிவிடலாம். பதாகை, சாப்பாட்டுப் பொதி, புகைப்படம், பிறகு ஒன்றுமில்லை. பயிர் ஒரு நாளில் வளர்வதில்லை; நோயும் கருத்தரங்கு நடக்கும் நாளில் வருவதில்லை.

புலமைப்பரிசில் அப்படியல்ல, அது உண்மையான உதவி. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. அதில் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் ஓர் இளைஞருக்கு வேலைவாய்ப்பைத் திறந்துவிடும். விவசாயத் திணைக்களத்தின் வவுனியா, பரந்தன் விவசாயக் கல்லூரிகளில் படித்து வருபவர்கள் நல்ல அடித்தளத்தோடு வருகிறார்கள். ஆனால் சங்கம் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்கவேண்டும்: சான்றிதழ் கிடைத்தவர் வேலை இருக்கும் இடத்துக்குப் போவார். ஊரில் அவருக்குச் சம்பளம் தரும் இடம் இல்லையென்றால் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவார். அவர் குடும்பத்துக்கு அது நல்லதே. ஊரில் கத்தரிக்காய் விற்கும் விலை மட்டும் மாறாது. ஒரு பிள்ளையை முன்னேற்றுவது நோக்கமென்றால் புலமைப்பரிசில் கொடுங்கள். எழுபத்தைந்து தோட்டங்களின் வருமானத்தை உயர்த்துவது நோக்கமென்றால் அது போதாது.

விவசாயிகளுக்கான பயிற்சியில் சிறந்தது வயல் பள்ளி. 1989இல் இந்தோனேசியாவில் நெற்பயிரின் பூச்சி முகாமைக்காகத் தொடங்கிய முறை இது. 20 முதல் 25 பேர், ஒரு போகம் முழுவதும், கிழமைக்கு ஒரு காலை, ஒரே தோட்டத்தில் கூடுவார்கள். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் வழக்கமான முறை, மறுபாதியில் புதிய முறை. ஒவ்வொரு கிழமையும் சிறு குழுக்களாகப் போய்ப் பத்துச் செடிகளையாவது பார்த்து, பூச்சி எத்தனை, அதைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் எத்தனை, இலை எப்படி, மண் ஈரம் எப்படி என்று எழுதி, பெரிய தாளில் வரைந்து, மருந்தடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். அறுவடையில் இரு பாதிகளின் செலவையும் வரவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னதற்காக அடிப்பதும், செடியைப் பார்த்து அடிப்பதும் பணத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

இது கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. நடத்துபவர் விரிவுரை செய்யத் தொடங்கினால் மூன்றாம் கிழமையில் ஆட்கள் பாதியாகிவிடுவார்கள். விவசாயப் போதனாசிரியரை மாதம் ஒருமுறை வரச்சொல்லிக் கேட்கலாம். வாராந்தம் நடத்தும் பொறுப்பு ஊரில் இருப்பவரிடமே இருக்கவேண்டும். அந்த ஆள்தான் முகாமையாளர். அவருக்கான பயிற்சி வேலையோடு சேர்ந்தே நடக்கவேண்டும்: எடைபோடுதல், தரம்பிரித்தல், காசேடு எழுதுதல், வாங்குபவரோடு பேரம் பேசுதல், மருந்தடித்த பிறகு எத்தனை நாள் பொறுத்து ஆயவேண்டும் என்பதை ஒவ்வொரு தோட்டத்துக்கும் குறித்து வைத்தல். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கும் இப்படியான பதிவேடு வேண்டும். இரண்டு ஆண்டு வேலை செய்தவர், செய்த வேலையைக் காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தொழில் தகைமைக்கு விண்ணப்பிக்கலாம். வேலையை விட்டுப் படிக்கப் போகவேண்டியதில்லை.

முகாமையாளரின் சம்பளமும் சுழற்சி நிதியும்

விவசாயிகள் கொண்டுவரும் மரக்கறியை எடைபோட்டு வாங்கி விற்கும் ஒரு சேகரிப்பு நிலையத்தை முகாமையாளர் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் மாதச் செலவை இப்படி எடுப்போம்: முகாமையாளர் 55,000 ரூபா, ஓர் உதவியாள் 35,000, இடவாடகையும் மின்சாரமும் 15,000, ஊருக்குள் ஏற்றி இறக்கும் செலவு 15,000. மொத்தம் 120,000 ரூபா. கிலோவுக்கு 8 ரூபா சேவைக் கூலி எடுத்தால் மாதம் 15,000 கிலோ கைமாறவேண்டும். மாதம் 25 நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 600 கிலோ, 20 கிலோ கூடையில் 30 கூடை. எழுபத்தைந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் 200 கிலோ. இது ஒருவரின் முழு விளைச்சலும் அல்ல. அப்படிக் கேட்கவும் கூடாது.

இந்த அளவு முதல் மாதத்தில் வராது, அதனால்தான் சம்பள உதவி. முதலாண்டு முழுச் சம்பளத்தையும் சங்கம் கொடுத்தால் ஊர் ஈடுசெய்யவேண்டியது 65,000 ரூபா மட்டும். நாளொன்றுக்கு 325 கிலோ வந்தால் போதும். இரண்டாம் ஆண்டு பாதிச் சம்பளம் கொடுத்தால் ஏறத்தாழ 460 கிலோ தேவை. மூன்றாம் ஆண்டு கால்வாசி கொடுத்தால் 530 கிலோ. நான்காம் ஆண்டு 600. மூன்றாண்டில் சங்கம் கொடுப்பது 11 இலட்சத்து 55 ஆயிரம் ரூபா. மாரிமழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வரத்து சரியும் என்பதால், மாதக் கணக்கைப் பார்த்துப் பதறாமல் ஆண்டுச் சராசரியைப் பாருங்கள்.

சுழற்சி நிதிதான் எல்லாரும் மறந்துபோவது. பெரும்பாலான சேகரிப்பு நிலையங்கள் விலையால் மூடப்படுவதில்லை, காசுத் தட்டுப்பாட்டால் மூடப்படுகின்றன. கிலோ சராசரி 150 ரூபாவுக்கு 600 கிலோ வாங்க நாளொன்றுக்கு 90,000 ரூபா வேண்டும். வாங்கும் நிறுவனம் 21 நாள் கழித்துக் காசு தந்தால், அதற்குள் 18 நாள் வாங்கியிருப்பீர்கள். 16 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா வெளியே நிற்கும். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் விவசாயிக்கு "அடுத்த கிழமை வாருங்கோ" என்று சொல்ல நேரும். அதை இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை வியாபாரியிடம் போய்விடுவார், அவரைக் குறைசொல்ல முடியாது. வியாபாரி குறைந்த விலை கொடுத்தாலும் கையில் கொடுக்கிறார். விதைக்கும் உரத்துக்கும் முற்பணமும் தருகிறார். முதலாண்டின் 325 கிலோவுக்கு 9 இலட்சம் ரூபா அளவு போதும். ஆகவே முழு நிதியையும் ஒரேயடியாக அனுப்பாமல், வரத்து ஏற ஏற விடுவியுங்கள்.

சம்பளமும் நிதியும் சேர்ந்து 27 இலட்சத்து 75 ஆயிரம். மீதி 7 இலட்சத்து 25 ஆயிரத்தில் இலத்திரனியல் தராசு, பில் அச்சிடும் சிறு கருவி, நூறு பிளாஸ்டிக் கூடை, வயல் பள்ளிச் செலவு. கொழும்புக்குப் போன கூடை திரும்ப இரண்டு மூன்று நாளாகும் என்பதால் 30 கூடை வேலைக்கு நூறு வேண்டும். எஞ்சுவது, விற்காமல் போகும் சரக்குக்கும் வராமல் போகும் கடனுக்கும் ஒதுக்கு.

எட்டு ரூபா கூலி விவசாயிக்குப் பாரமா என்று கேட்பார்கள். வடக்கின் சந்தைகளில் 'கழிவு' என்று 100 கிலோவுக்கு 10 கிலோ கழிக்கும் வழக்கம் பலகாலமாக விவசாயிகளின் முறைப்பாடாக இருக்கிறது. 150 ரூபா விலையில் அது கிலோவுக்கு 15 ரூபா. கழிவில்லாமல் எடைபோட்டாலே, விலை ஒரு ரூபாகூட ஏறாவிட்டாலும், விவசாயிக்கு லாபம். அதனால்தான் தராசைப் பெரிதாகச் சொல்கிறோம். இரு பக்கத்தாருக்கும் எண் தெரியும்படி அது வைக்கப்படவேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். ஒவ்வொரு எடைக்கும் துண்டு கையில் கொடுக்கவேண்டும். நிலையத்தின் மீதான நம்பிக்கை இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

குளிரறையும் இயந்திரமும்

கொடையாளர் பெயர்ப்பலகை மாட்ட வசதியானது குளிரறை. மரக்கறி கலந்து வரும் ஊருக்கு அது பொருந்தாது. வாழைப்பழம் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுக்கும்; பச்சைத் தக்காளிக்கும் அதே எல்லை; கத்தரிக்குப் பத்துப் பாகைக்குக் கீழே ஆகாது. கீரைக்கும் கரட்டுக்கும் பூச்சியத்தை ஒட்டிய குளிர் வேண்டும். ஒரே அறையில் எல்லாவற்றையும் வைத்தால் ஏதோ ஒன்று கெடும். பழுக்கும் வாழையிலிருந்து வரும் எதிலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கீரையை மஞ்சளாக்கிவிடும். மின்கட்டணம் வேறு. நாட்டில் பழம் மரக்கறியில் 30 முதல் 40 வீதம் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்று சொல்லப்படுகிறது. அதில் பெரும்பங்கு யூரியாப் பையில் அடைத்து, மேலே ஆள் ஏறி மிதித்து, வெயிலில் நிறுத்தி ஏற்றுவதால் வருவது. விடிய முன் ஆய்ந்து, நிழலில் தரம்பிரித்து, கூடையில் அடுக்கினாலே அந்த இழப்பில் நல்ல பகுதி நிற்கும்.

உழவு இயந்திரம் யார் பொறுப்பு, யார் முதலில் எடுப்பது, பழுதுக்கு யார் காசு என்பது எழுத்தில் இல்லாமல் கொடுக்கப்பட்டால் இரண்டாம் போகத்தில் தலைவரின் வளவில் நிற்கும். மணித்தியாலக் கூலியில் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போடும் ஏற்பாடு இல்லாத ஊருக்குக் கொடுக்கவேண்டாம்.

எந்தப் பதிவு?

நான்கு வழிகள் இருக்கின்றன.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதியும் கமக்காரர் அமைப்பு எல்லாவற்றிலும் இலகுவானது. பெரும்பாலான ஊர்களில் ஏற்கெனவே இருக்கும். உர மானியம், குளம், வாய்க்கால், இழப்பீடு போன்ற விடயங்களில் கமநல சேவை நிலையத்தோடு பேச இதுவே சரியான வாசல். நாளாந்த வியாபாரத்துக்கு இது பழகியதல்ல. நிருவாகத்தார் எல்லாரும் ஊதியமின்றி வேலை செய்பவர்கள், கணக்கும் அதற்கேற்பவே இருக்கும்.

பழைய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு பிரிவாகத் தொடங்குவது இரண்டாவது. கட்டடமும் பெயரும் இருக்கும். பல கிராமங்களை உள்ளடக்கிய சங்கத்தில் உங்கள் எழுபத்தைந்து பேரின் குரல் சிறியது; மரக்கறிக் காசு பொதுக் கணக்கில் கலந்து, வேறு கடையின் நட்டத்தை நிரப்பப் போகும் ஆபத்து பெரியது. தனி வங்கிக் கணக்குக்கும் தனிக் கணக்கறிக்கைக்கும் பணிப்பாளர் சபை எழுத்தில் சம்மதித்தால் மட்டும் போங்கள்.

மூன்றாவது தனிக் கூட்டுறவுச் சங்கம். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி பத்துப் பேர் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். கூட்டுறவு மாகாணத்துக்கு உரிய விடயம் என்பதால் அலுவல் கொழும்பில் அல்ல, மாகாணத் திணைக்களத்தில். ஆளுக்கு ஒரு வாக்கு, கட்டாயக் கணக்காய்வு, ஒதுக்கு நிதி, தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு முன்னரே தீர்க்கும் வழி எல்லாம் உண்டு. கூட்டுறவு ஆணையாளர் நிருவாகத்தைக் கலைக்கவும் முடியும். அது பாதுகாப்பும்தான், ஆபத்தும்தான். உபவிதிகளை எழுதும்போது உறுப்பினர் தகைமையில் கவனம் வேண்டும். "காணி உடையவர்" என்று எழுதினால் குத்தகைக்குச் செய்யும் இளைஞரும், கணவன் பெயரில் காணி இருக்கும் பெண்ணும் வெளியே நிற்பார்கள். "இப்பிரதேசத்தில் பயிரிடுபவர்" என்று எழுதுங்கள்.

நான்காவது கம்பனி. மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் கம்பனிப் பதிவாளர் திணைக்களம் கொழும்பில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம் என்பதால் இந்த யோசனை உடனே பிடித்துப்போகிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் தனியார் கம்பனிக்குப் பங்குதாரர் 50 பேருக்கு மேல் கூடாது. எழுபத்தைந்து விவசாயிகள் அதற்குள் அடங்கமாட்டார்கள். பங்கு அதிகம் வைத்திருப்பவருக்கு வாக்கும் அதிகம். உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி என்றால் இலாபத்தை உறுப்பினருக்குப் பகிர முடியாது. இந்தியாவில் உற்பத்தியாளர் கம்பனி என்று விவசாயிகளுக்கெனவே 2002இல் ஒரு வகை உருவாக்கப்பட்டது. எங்கள் சட்டத்தில் அது இல்லை. கொழும்புக் கிளை தன் நிதியை நிருவகிக்க உத்தரவாதக் கம்பனி பொருந்தலாம். விவசாயிகளுக்குத் தனிக் கூட்டுறவே நல்லது.

ஆனால் முதல் நாளிலேயே அல்ல. கமக்காரர் அமைப்பின் ஒரு குழுவாக ஒரு போகம் வியாபாரம் செய்துபார்த்து, யார் ஒழுங்காகச் சரக்குக் கொண்டுவருகிறார், யார் கணக்குக் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு பதியுங்கள். இந்த வரிசைக்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1981இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், கொழும்பில் உள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை விவசாயிகளோடு தங்கவைத்தன. அவர்கள் சங்கம் பதியவில்லை. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் சிறு குழுக்களோடு வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பகிர வைத்தார்கள். வேலை நடந்த பிறகே அமைப்பு எழுந்தது. கடைமடைக்கும் நீர் போனது. அதே திட்டம் இன்னொன்றையும் காட்டியது. அந்த இளைஞர்களின் வேலை தற்காலிகம் என்பதால், நிரந்தர ஆசிரியர் நியமனம் வந்ததும் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். முகாமையாளரின் சம்பளத்தை மூன்றாண்டுக்கு எழுத்தில் உறுதிசெய்யச் சொல்வது இதனால்தான். முதல் நாளிலிருந்தே இரண்டாவது ஒருவரும் கணக்குப் பழகவேண்டும்.

பால் என்றால் கணக்கு மாறும். தினமும் இருமுறை சரக்கு, ஒரே வாங்குபவர், கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் அளந்து விலை. 1946இல் குஜராத்தின் கேடாவில் தொடங்கிய, அமுல் என்று அறியப்படும் பால் கூட்டுறவு நிலைத்ததற்கும் இந்த நாளாந்த ஒழுங்கு ஒரு காரணம். ஆனால் கறந்த பால் சில மணி நேரத்துக்குள் 4 பாகைக்குக் குளிரவேண்டும், ஆகவே இங்கே குளிர்த் தாங்கி அவசியம். யாழ்கோ போன்ற கால்நடை வளர்ப்போர் கூட்டுறவு அருகில் இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதில் சேருங்கள்.

கொழும்பில் விற்பது

கொழும்புக் கிளை பணத்தைவிடப் பெறுமதியாகச் செய்யக்கூடியது இது. புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போன மெனிங் மொத்தச் சந்தையில் எவ்வளவு சரக்கும் எடுபடும், காசும் விரைவில் வரும். விலை மட்டும் காலைக்குக் காலை மாறும். சூப்பர் மார்க்கெட் விலை நிலையானது, ஆனால் தரம்பிரிப்பில் கழிக்கும், காசு தாமதிக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளுக்கு வாராந்தப் பை கொடுத்தால் விலை நன்றாக இருக்கும்; அளவு சிறிது, பொதிசெய்யும் வேலை பெரிது. ஒரே வாங்குபவரிடம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். அவர் ஒரு கிழமை நிறுத்தினால் நிலையமும் நின்றுவிடும்.

சந்தை விலை ஏறும் நாளில் உறுப்பினர் வெளியே விற்பார். தண்டம் போட்டு அதைத் தடுக்க முடியாது. அன்றைய விலையை அன்றே கொடுத்து, ஆண்டு முடிவில் மிஞ்சியதைக் கொண்டுவந்த கிலோவுக்கேற்பப் பகிர்ந்தால், அடிக்கடி கொண்டுவந்தவருக்கு அதிகம் கிடைக்கும். அந்தக் கிலோக் கணக்கை மாதந்தோறும் நிலையத்தின் சுவரில் ஒட்டுங்கள். தன் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணை ஒவ்வொருவரும் பார்க்கட்டும்.

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை நான்கு எண்களைக் கேளுங்கள்: வந்த கிலோ எத்தனை, கொண்டுவந்தவர் எத்தனை பேர், வெளியே நிற்கும் காசு எவ்வளவு, மாத முடிவில் வங்கியிலும் கையிலும் இருப்பது எவ்வளவு. மூன்றாவதும் நான்காவதும், கையிருப்புச் சரக்கின் மதிப்பும் சேர்ந்தால், நீங்கள் அனுப்பிய சுழற்சி நிதிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வரவேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் அடுத்த தவணையை நிறுத்திவைத்து, பில் புத்தகத்தோடு முகாமையாளரையும் பொருளாளரையும் ஒன்றாக இருத்திக் கணக்குப் பாருங்கள்.